கையில் மணிமாலை, கருத்தில் வீடுபேறு

ஒரு மந்திரத்தையோ இறைவனின் பெயரையோ திரும்பத் திரும்பச் சொல்லி வழிபடும் பழக்கம் பல சமயங்களில் உண்டு. சொல்லும்போது கணக்குத் தவறாமலும் மனம் அலைபாயாமலும் இருக்கக் கைக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது. அந்த வேலைக்காகவே மணிமாலை தோன்றியது. இந்துக்களின் ஜபமாலை, பௌத்தர்களின் 108 மணி மாலை, கத்தோலிக்கரின் செபமாலை, முஸ்லிம்களின் தஸ்பீஹ் மணி, கிழக்கு மரபுவழித் (ஆர்த்தடாக்ஸ்) திருச்சபையினரின் முடிச்சுக் கயிறு ஆகியவற்றை ஒரு மேசையில் பரப்பி வைத்தால், எல்லாம் ஒரே குடும்பத்துப் பொருள்களாகவே தோன்றும். ஆனால் மணியை உருட்டுகிறவர் அதனால் தமக்கு என்ன கிடைக்கும் என்று நம்புகிறாரோ, அந்த நம்பிக்கையில் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நிற்கின்றன. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் வினை கழிகிறதா, புண்ணியம் சேர்கிறதா, இரக்கம் வேண்டப்படுகிறதா, அல்லது ஏற்கெனவே கிடைத்துவிட்ட ஒன்றுக்கு நன்றி சொல்லப்படுகிறதா என்பதைக் கேட்டுப் பார்த்தால், அந்தச் சமயம் முத்தியை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எண்ணுவதற்கு மாலைதான் வேண்டும் என்பதில்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த பவுல் என்ற துறவி, நாள்தோறும் 300 செபங்கள் சொல்வதைக் கடமையாகக் கொண்டிருந்தார். 300 கூழாங்கற்களைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு செபம் முடிந்ததும் ஒரு கல்லை எறிந்துவிடுவார். மடி காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. நாளுக்கு 700 செபங்கள் சொல்லும் கன்னித்துறவி ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு மனம் நொந்துபோய், மக்காரியுஸ் என்ற மூத்த துறவியிடம் சென்று முறையிட்டார். தாம் 100 செபங்களே சொல்வதாகவும், அதற்காகத் தம் மனச்சான்று தம்மைக் குறைகூறுவதில்லை என்றும், 300 சொல்லியும் உள்ளம் உறுத்துகிறது என்றால் அந்தச் செபங்களில் தூய்மை குறைகிறது, அல்லது மேலும் சொல்ல முடிந்தும் சொல்லாமல் விடப்படுகிறது என்றே கொள்ள வேண்டும் என்றும் மக்காரியுஸ் விடை சொன்னார். பல்லாடியஸ் என்பவர் 420ஆம் ஆண்டையொட்டி எழுதிவைத்த நிகழ்ச்சி இது. எண்ணிக்கை கூடினால் பலன் கூடுமா என்று பிற்காலத்தில் எழுந்த வாதங்களில் பாதி அந்த உரையாடலிலேயே அடங்கிவிடுகிறது.

மாலையாகக் கோத்து எண்ணும் வழக்கம் இந்தியாவில் தோன்றி மற்ற நாடுகளுக்குப் பரவியிருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பிரமனின் சிற்பங்களிலும் கலைமகளின் சிற்பங்களிலும் ஒரு கையில் அக்கமாலை இருப்பதைக் காணலாம். வழக்கமான ஜபமாலையில் 108 மணிகளும், அவற்றுக்கு மேல் மேரு எனப்படும் தலைமணி ஒன்றும் இருக்கும். மாலையை வலக்கையின் நடுவிரல் மேல் தொங்கவிட்டு, மந்திரத்தை ஒருமுறை சொன்னதும் பெருவிரலால் ஒரு மணியைத் தம் பக்கமாக இழுத்துக்கொள்ள வேண்டும். சுட்டுவிரல் மணியில் படக்கூடாது என்பது பொதுவான விதி. சுற்றி வந்து மேருவை அடைந்ததும் அதைத் தாண்டாமல், மாலையை அப்படியே திருப்பிப் பிடித்து, வந்த வழியே எண்ணத் தொடங்க வேண்டும். ஜபம் செய்கிறவர் கண்ணை மூடியிருந்தாலும் பெரிய மணி விரலில் தட்டுவதால் ஒரு சுற்று முடிந்தது தெரிந்துவிடும். விதிக்குச் சொல்லப்படும் தத்துவக் காரணங்கள் எவையாயினும், கைப்பழக்கத்துக்கு இது மிகவும் வசதியான ஏற்பாடு.

108 ஏன் என்பதற்கு விடைகள் பல. 27 நட்சத்திரங்களுக்கு நான்கு பாதங்கள் வீதம் 108 என்பர். உபநிடதங்கள் 108 என்பர். பௌத்தர்கள் 108 மனமாசுகளைச் சொல்வர். இவற்றில் எது மூலம் என்று அறுதியிட வழியில்லை. ஒரு சிறந்த எண் முதலில் நிலைபெற்று, விளக்கங்கள் பின்னால் வந்து சேர்ந்தன என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. மணி எதனால் ஆனது என்பது தெய்வத்தைப் பொறுத்தது. சைவர்களுக்கு உருத்திராக்கம், அது ஒருவகை மரத்தின் பழக்கொட்டை, அதன் மேல் நெடுக ஓடும் பள்ளங்களைக் கொண்டு இத்தனை முகம் என்று எண்ணுவார்கள். வைணவர்களுக்குத் துளசிக் கட்டையும் தாமரை மணியும். தேவி வழிபாட்டில் படிகமும் உண்டு.

இந்து சமயம் என்ற ஒரே பெயருக்குள் முத்தி பற்றிய கொள்கைகள் பல இருப்பதால், ஜபத்தின் பொருளும் பலவாகிறது. உயிரும் பிரம்மமும் ஒன்றே என்னும் அத்வைதத்தில் விடுதலை தருவது ஞானமே. ஜபம் அந்த ஞானம் விளைவதற்கு மனத்தைத் தூய்மைப்படுத்திப் பண்படுத்தும் துணை மட்டுமே. சைவ சித்தாந்தத்தில் உயிர் ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் கட்டுண்டு கிடக்கிறது. மலம் பக்குவப்பட்டு, நல்வினை, தீவினை என்னும் இருவினையும் ஒப்பாகும் நிலையில் இறைவனின் திருவருள் பதியும்போதே கட்டு அவிழ்கிறது. நமசிவாய என்னும் திருவைந்தெழுத்தை ஓதும் அடியவர் தம் முயற்சியால் சிவனை விலைக்கு வாங்குவதில்லை. அருளை ஏற்கும் பக்குவத்துக்கு உயிர் வருகிறது. வைணவத்தில் இந்தக் கேள்வி வெளிப்படையான கருத்துவேறுபாடாகவே வளர்ந்தது. குட்டி தாயைப் பற்றிக்கொள்வது குரங்கின் வழக்கம், தாயே குட்டியைக் கவ்விச் செல்வது பூனையின் வழக்கம். உயிரின் பக்கத்திலும் சிறு முயற்சி வேண்டும் என்ற வடகலையார் முன்னதையும், இறைவனே எல்லாம் செய்துகொள்கிறான் என்ற தென்கலையார் பின்னதையும் ஒத்தவர்களாகச் சொல்லப்படுவதுண்டு. சைதன்யர் வழிவந்த வங்காள வைணவத்திலோ நாம ஜபத்துக்கு முதன்மை மிகுதி. அந்த மரபில் 1966இல் தொடங்கப்பட்ட இஸ்கான் இயக்கத்தில் தீட்சை பெற்றவர்கள் நாளுக்கு 16 சுற்று, அதாவது 1,728 முறை, ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தைச் சொல்ல வேண்டும். அவர்களிடம் முத்தியே உயர்ந்த குறிக்கோளாகவும் இல்லை. கண்ணன்மேல் கொள்ளும் பிரேமைதான், அதாவது தன்னலமற்ற பேரன்புதான், அதற்கும் மேலானது.

எண்ணிக்கையை மட்டும் நம்பியிருப்பதற்கு இந்த மரபுக்குள்ளேயே தடை உண்டு. உதடு மட்டும் அசைய ஓதும் ஜபம் வாய்விட்டு ஓதுவதைவிடப் பன்மடங்கு உயர்ந்தது என்றும், மனத்துக்குள் ஓதுவது அதனினும் உயர்ந்தது என்றும் மனுஸ்மிருதியே தரம் பிரிக்கிறது. வட இந்திய பக்திக் கவிஞர் கபீர் இன்னும் கடுமையாகப் பேசினார். உள்ளத்தில் இராமனை நினையாமல் மரமணியை ஊருக்குக் காட்டி என்ன பயன் என்ற அவருடைய கேள்வி சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபிலும் இடம்பெற்றிருக்கிறது. சீக்கியர்களில் சிலர் நாமத்தை நினைவுகூர மாலையைப் பயன்படுத்துவது உண்டு என்றாலும், குருவின் அருளால் நாமத்தில் ஒன்றி, வாழும்போதே விடுதலை பெறுவதுதான் அங்கே வலியுறுத்தப்படுகிறது.

சமணத்தில் படம் முழுவதும் மாறிவிடுகிறது. அங்கே உலகைப் படைத்து அருள் செய்யும் கடவுள் இல்லை. உயிரில் ஒட்டிய வினைகளை உயிரே தன் ஒழுக்கத்தாலும் தவத்தாலும் உதிர்த்து வீடுபெற வேண்டும். ஆயினும் சமணர்கள் 108 மணி மாலையைக் கொண்டு பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறார்கள். அந்த எண்ணுக்கு அவர்கள் தரும் கணக்கு நுட்பமானது: மந்திரம் வணங்கும் ஐவகைப் பெரியோருள் அருகருக்குரிய குணங்கள் 12, வீடுபெற்ற சித்தருக்குரியவை 8, ஆசாரியருக்கு 36, உபாத்தியாயருக்கு 25, சாதுக்களுக்கு 27, ஆகக் கூடுதல் 108. அந்த மந்திரத்தில் வேண்டுதல் எதுவும் இல்லை. ஐவகைப் பெரியோருக்கும் வணக்கம் மட்டுமே இருக்கிறது. கேட்பதற்கு ஒருவர் இல்லாத இடத்திலும் மணிமாலை பயன்படுகிறது என்பது, இப்பொருளைப் புதிதாக அறிய வருகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி.

பௌத்தத்தில் 108 மணி மாலைக்கு ஒரு சூத்திரக் கதை உண்டு. நாட்டில் போரும் நோயும் பஞ்சமும் மலிந்து, விரிவான அறநெறிகளைப் பயில நேரமில்லை என்று ஓர் அரசன் புத்தரிடம் எளிய வழி கேட்டான். 108 விதைகளைக் கோத்து எப்போதும் உடன் வைத்திருந்து, புத்தம், தம்மம், சங்கம் என்று மனம் ஒன்றிச் சொல்லி ஒவ்வொன்றாகத் தள்ளும்படி அவர் கூறினார் என்று சீன மொழியில் கிடைக்கும் அந்தச் சூத்திரம் சொல்கிறது. திபெத்தியர்கள் 108 மணி மாலை ஒரு சுற்றை 100 என்றே கணக்கில் வைப்பார்கள். எஞ்சிய எட்டும், கவனம் சிதறிச் சொன்னவற்றுக்கும் பிழையாகச் சொன்னவற்றுக்கும் ஈடு. கிடைத்த புண்ணியத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல், எல்லா உயிர்களின் விடுதலைக்கும் உரித்தாக்கி முடிப்பது அவர்கள் வழக்கம்.

மணிமாலைக்கும் மீட்புக் கொள்கைக்கும் உள்ள உறவை மிகத் தெளிவாகக் காட்டுவது, என் கணிப்பில், ஜப்பானின் தூயநில பௌத்தம். அமிதாபர் என்னும் புத்தர், தம் பெயரைப் பத்து முறையேனும் நம்பிக்கையோடு சொல்கிறவர் தம்முடைய தூய நிலத்தில் பிறப்பார், இல்லையேல் தாம் புத்தநிலை எய்துவதில்லை என்று சூளுரைத்தார் என்பது இந்த மரபின் அடிப்படை. அங்கே பிறந்தவர்களுக்கு நிர்வாணம் உறுதி. 12ஆம் நூற்றாண்டில் ஹோனென் (1133–1212) என்ற துறவி, படிப்பும் தவமும் இயலாத எளிய மக்களுக்கும் இந்தப் பெயரே போதும் என்று போதித்தார். அவரே நாளுக்கு 60,000 முறை அதைச் சொன்னதாக மரபு கூறுகிறது. அவர் தொடங்கிய பிரிவில் இன்றும் வழங்கும் ஒருவகை மாலையில் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். ஒரு வளையம் முழுச் சுற்று வந்தால் மற்றதில் ஒரு மணி நகரும். அதுவும் சுற்றி வந்தால் குஞ்சத்தில் உள்ள சிறு மணி ஒன்று நகரும். இப்படி ஒரு கைக்குள் அடங்கும் மாலையில் முப்பதாயிரத்துக்கு மேல் எண்ணிவிடலாம்.

ஹோனெனின் சீடர்களிடையே ஒரு வழக்கு எழுந்தது. ஒருமுறை சொன்னாலே போதுமா, வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமா? அவருடைய மாணவரான ஷின்ரன் (1173–1262) கேள்வியின் அடிப்படையையே மாற்றினார். மீட்பு முழுவதும் அமிதாபரின் ஆற்றலால் நடப்பது. அதில் மனிதன் தன் பங்காகச் சேர்க்க எதுவுமில்லை. தன் முயற்சியைக் கணக்கிடுவதே அந்த ஆற்றலை நம்பாமைக்கு அடையாளம். அப்படியானால் பெயரைச் சொல்வது எதற்கு? அது நன்றியின் வெளிப்பாடு. ஷின்ரனின் வழிவந்தோரும் மாலை வைத்திருக்கிறார்கள், வழிபாட்டின்போது கைகளில் அணிந்து குவித்து வணங்குகிறார்கள். ஆனால் அதைக் கொண்டு எண்ணுவதில்லை. அவர்களிடையே ஆண்கள் வைத்திருக்கும் ஒருவகை மாலையில் குஞ்சத்தின் பின்புறக் கயிற்றில் தனி முடிச்சு ஒன்று போடப்பட்டிருக்கும். எண்ணுவதற்கு வாய்ப்பில்லாதபடி செய்யவே அது என்று விளக்கம் தருவார்கள். ஒரே புத்தரின் பெயரை ஒரே சொல்லால் அழைக்கும் இரு பிரிவுகளில், ஒன்று எண்ணிக்கைக்கென்று கருவி செய்தது, மற்றது எண்ண முடியாதபடி முடிச்சுப் போட்டது.

இஸ்லாத்தில் மாலை 33 அல்லது 99 மணிகள் கொண்டது. ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் சுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹு அக்பர் என்ற திக்ருகளை (இறைவனை நினைவுகூரும் துதிகளை) 33 முறை வீதம் சொல்வது நபிவழி. அல்லாஹ்வுக்கு 99 திருநாமங்கள் உண்டு என்ற ஹதீஸும் (நபிகளாரின் சொல், செயல் பற்றிய பதிவு) இந்த எண்ணோடு இணைகிறது. ஆனால் நபிகளார் விரல்களால் எண்ணும்படி சொன்னார்கள் என்பதும், மறுமையில் அந்த விரல்கள் விசாரிக்கப்பட்டுப் பேசவைக்கப்படும் என்பதும் ஹதீஸில் வருவதால், மணியைப் பயன்படுத்துவது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை) என்று கருதும் அறிஞர்களும் உள்ளனர். எண்ணுவதற்கான உதவிப் பொருள் என்ற அளவில் ஆகும் என்போரும் உள்ளனர். ஷியா முஸ்லிம்களிடம், நபிகளாரின் பேரர் ஹுசைன் உயிர்நீத்த கர்பலாவின் மண்ணால் செய்த மணிகளுக்குத் தனி மதிப்பு உண்டு.

ஈடேற்றம் பற்றிய பார்வையில் இங்கே இரண்டு சரடுகள் பின்னிக் கிடக்கின்றன. மறுமையில் அமல்கள் (மனிதர் செய்த செயல்கள்) மீஸான் என்னும் தராசில் நிறுக்கப்படும். நாவுக்கு எளிதான இரு சிறு வாக்கியங்கள் அந்தத் தராசில் கனமானவை என்று ஒரு ஹதீஸ் சொல்கிறது. இதை மட்டும் படித்தால், எண்ண எண்ண நன்மை சேர்ந்து சொர்க்கம் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் எவரையும் அவருடைய செயல் மட்டும் சொர்க்கத்தில் சேர்த்துவிடாது, அல்லாஹ்வின் கருணை சூழ்ந்தாலன்றித் தமக்கும் அப்படியே என்று நபிகளார் கூறியதும் ஆதாரபூர்வமான ஹதீஸ்தான். நபிகளாரின் துணைவியார் ஜுவைரியா வைகறைத் தொழுகையிலிருந்து முற்பகல்வரை ஒரே இடத்தில் அமர்ந்து திக்ரு செய்துகொண்டிருந்தார். திரும்பி வந்த நபிகளார், தாம் இடையில் மூன்று முறை சொன்ன சில சொற்கள் அவர் அதுவரை ஓதிய அனைத்துக்கும் நிகராகும் என்று கூறி, படைப்புகளின் எண்ணிக்கை அளவுக்கு அல்லாஹ்வைத் துதிக்கும் சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். மனிதர் எண்ணி முடிக்க முடியாத ஒன்றையே அளவாகக் கொண்ட துதி அது.

கத்தோலிக்கரின் செபமாலை வடிவத்தில் மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. சிலுவையில் நம்பிக்கை அறிக்கையோடு தொடங்கி, சிறு வாலில் உள்ள மணிகளைக் கடந்து வட்டத்துக்குள் நுழைய வேண்டும். வட்டத்தில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதிகள். பத்து சிறு மணிகளுக்கு அருள்நிறைந்த மரியே என்ற செபம், இடையே வரும் பெரிய மணிக்கு இயேசு கற்பித்த செபம். வட்டத்திலும் வாலிலும் சேர்த்து 53 முறை மரியாவை நோக்கிய செபம் வரும். விவிலியத்தில் உள்ள திருப்பாடல்கள் 150, அவற்றை ஓத எழுத்தறிவு இல்லாத பொதுமக்கள் இடைக்காலத்தில் அதற்கு ஈடாக 150 முறை எளிய செபங்களைச் சொன்னார்கள். புனித தோமினிக்கிடம் அன்னை மரியாவே செபமாலையைக் கொடுத்தார் என்பது பக்தி மரபு. இன்றைய வடிவம் சில நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது என்பது வரலாற்றாசிரியர் கருத்து. 1569இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதற்கு முறையான ஏற்பளித்தார். 2002இல் இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்தார்.

மறைபொருள்கள் அல்லது தேவ இரகசியங்கள் என்பவை இதன் உயிர்நாடி. வாய் மரியே வாழ்க என்று சொல்லிக்கொண்டிருக்க, மனம் இயேசுவின் பிறப்பு, பாடுகள், உயிர்ப்பு ஆகிய நிகழ்ச்சிகளில் ஒவ்வொன்றாகத் தங்க வேண்டும். அதாவது மீட்பின் வரலாறே மணிகளின் வழியே சிந்திக்கப்படுகிறது. பாவிகளாகிய எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும் என்றுதான் அந்தச் செபம் ஒவ்வொரு முறையும் முடிகிறது. பாத்திமா காட்சிகளுக்குப் பிறகு (1917) பத்துமணித் தொகுதியின் முடிவில் பலரும் சேர்த்துச் சொல்லும் செபமோ நரக நெருப்பிலிருந்து காக்கும்படி நேரடியாகவே வேண்டுகிறது. கத்தோலிக்கப் போதனையில் மீட்பைத் தருகிறவர் கிறிஸ்துவே, மரியா பரிந்துபேசுகிறவர். அதே வேளையில், உரிய நிபந்தனைகளோடு ஆலயத்திலோ குடும்பத்திலோ செபமாலை சொல்கிறவர்களுக்குப் பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்குதல்) உண்டு என்றும், அதை இறந்தபின் தூய்மை பெறும் இடமான உத்தரிக்கும் தலத்தில் இருக்கும் ஆன்மாக்களுக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்றும் திருச்சபை கற்பிக்கிறது.

சீர்திருத்த (புராட்டஸ்டண்டு) சபைகள் வன்மையாக மறுத்தவற்றுள் இந்தக் கடைசிப் பகுதியும் ஒன்று. இரட்சிப்பு கிருபையினாலே, விசுவாசத்தின் மூலமாக மட்டுமே என்றால், எண்ணிச் சொல்லும் செபத்துக்குப் பலன் ஏது? வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்ற மலைப்பிரசங்க வசனமும் சான்றாகக் காட்டப்பட்டது. ஆயினும் 1980களில் அமெரிக்க ஆங்கிலிக்கர் சிலர், இயேசு மண்ணுலகில் வாழ்ந்த ஆண்டுகளைக் குறித்து 33 மணிகள் கொண்ட புதிய மாலை ஒன்றை உருவாக்கினர். அதில் இன்ன செபம்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிழக்கு மரபுவழித் திருச்சபையின் முடிச்சுக் கயிற்றில் மணியே இல்லாமலும் இருக்கலாம். கம்பளி நூலில் 33, 50 அல்லது 100 முடிச்சுகள். ஒவ்வொரு முடிச்சும் சிலுவைகள் பல ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னியது. ஒவ்வொன்றிலும், ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, கடவுளின் மகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும் என்ற ஒரே செபம். இந்த மரபில் மீட்பு என்பது தண்டனையிலிருந்து தப்புவதோடு முடிவதில்லை. கடவுளின் வாழ்வில் பங்குபெற்று மனிதன் அவருடைய சாயலுக்கு உருமாறுவதே அதன் நிறைவு. செபம் நாளடைவில் உதட்டிலிருந்து உள்ளத்துக்கு இறங்கித் தானாக ஓட வேண்டும் என்பதால், எண்ணிக்கை தொடக்கநிலையினருக்கான ஒழுங்கு என்றே துறவியர் கருதுகிறார்கள்.

பஹாய் சமயத்தில் இறைவனின் பெயரை நாளொன்றுக்கு 95 முறை சொல்வது கட்டளை. 95 மணிகளையோ, 19 மணிகளை ஐந்து சுற்றாகவோ கொண்டு அதை நிறைவேற்றுவார்கள். கட்டளை எண்ணுக்கே, மாலைக்கு இல்லை. யூத சமயத்தில் செபம் எண்ணும் மாலை மரபே உருவாகவில்லை.

மாலையை அணிந்துகொண்டாலே போதுமா என்ற கேள்வி புதியவர்கள் பலருக்கும் வரும். சிவபுராணம் போன்ற நூல்கள் உருத்திராக்கம் அணிவதற்கே பாவம் நீக்கும் பலன் சொல்கின்றன. அங்கே மணி எண்ணும் கருவியாக மட்டும் நிற்பதில்லை, தானே புனிதப் பொருளாகிறது. வைணவர்கள் கழுத்தில் அணியும் துளசி மணி, தாம் திருமாலுக்கு உரியவர் என்பதற்கான அடையாளம். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவால் ஆசீர்வதிக்கப்பட்ட செபமாலை பக்திக்குத் துணைசெய்யும் புனிதப் பொருள். அது திருமுழுக்கு போன்ற அருளடையாளங்களில் ஒன்றாக எண்ணப்படுவதில்லை, அதைத் தாயத்தாகக் கருதுவது தவறு என்றும் எச்சரிக்கப்படுகிறது. தஸ்பீஹ் மணியைக் காப்புக்காகத் தொங்கவிடுவதை இஸ்லாமிய அறிஞர்கள் கண்டிக்கிறார்கள். காப்பவன் அல்லாஹ் ஒருவனே என்ற நம்பிக்கையில் அது குறைபாடு என்பது அவர்கள் காட்டும் காரணம்.